விளக்கைச் சுற்றி ஒரு வளையம்

டிக். அவ்வளவுதான். கண்ணாடி டம்ளரின் விளிம்பை நகத்தால் ஒருமுறை சுண்டினால் வருமே, அந்த அளவுக்குத்தான் சத்தம். பிறகு ஒன்றும் இருக்காது. சரி, ஓய்ந்தது என்று விடைத்தாளில் தலையைக் கவிழ்த்ததும் இன்னொன்று, அதை ஒட்டியே இரண்டு, டிக் டிக், மேசைமேல் எதுவோ தெறித்து உருளும். நாற்பது வருஷத்துக்கு முந்தைய அந்தச் சத்தம், கண்ணாஸ்பத்திரியின் இரும்பு நாற்காலியில் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த குழல்வாய்மொழிக்கு இன்று காலையில் காதுக்குள்ளே கேட்டது. சற்றுமுன் ஒரு நர்ஸ் பெண் அவள் தாடையைப் பிடித்து அண்ணாக்க வைத்து, கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து விட்டு, மேலே பஞ்சை ஒற்றி, "திறக்காதிய பாட்டி, கண்ணுப் பாப்பா விரியணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பாப்பா விரியணுமாம். முப்பது வருஷத்துக்கு மேல் மகளிர் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவளிடம் வந்து பாப்பா. மருந்து எரிந்தது. ஈரம் பட்டதும் உடனே ஒன்றும் ஆகாமல், சற்றுப் பொறுத்து வெடிக்கிற அந்தக் காய் நினைவுக்கு வர இந்த எரிச்சல்தான் காரணமாயிருக்க வேண்டும். அது ரூபி ஞானாபரணத்தின் வேலை. அப்போது கல்லூரியில் அறை பற்றாமல் இயற்பியலையும் தாவரவியலையும் ஒரே ஸ்டாஃப் ரூமில் அடைத்து, நடுவில் ஒரு பச்சைத் திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். ரூபி வரும் வழியில் வேலியோரத்து ஊதாப் பூச்செடியிலிருந்து காய்ந்த வெடிக்காய்களைப் பறித்து வருவாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்து வெடிக்கவிடுமே, அதே காய். திரையை விலக்கி, குழல்வாய்மொழி குடிக்க வைத்திருக்கும் தண்ணீரில் ஒரு கைப்பிடி போட்டுவிட்டு, தன் நாற்காலியில் ஒன்றும் அறியாதவள் மாதிரி போய் உட்கார்ந்துகொள்வாள். எம்.எஸ்ஸி. படித்தவள், பாவாடை கட்டிய சிறுமி இல்லை. "பாரு கே.வி.எம்., ஒண்ணு பீரோவத் தாண்டிப் போயிருக்கு" என்று சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு விதையைத் தேடித் தரையில் தவழ்வாள். குழல்வாய்மொழி என்று ஒரு பெயரை முழுசாய்ச் சொல்ல நாக்கு வணங்காத கூட்டம் அது. மூன்று எழுத்தாக நறுக்கிவிட்டது. தாவரவியல் என்றால் வேறென்ன. பேர் வைக்கிற படிப்பு. செடியைப் பிடுங்கு, உலர்த்து, அட்டையில் ஒட்டு, வாயில் நுழையாத ஒரு பேரைக் கீழே எழுது. அதில் ஒரு விதி உண்டா, ஒரு சமன்பாடு உண்டா.

கண்ணைத் திறக்கக் கூடாது என்றதும் காது தானே திறந்துகொள்கிறது. கூடத்தில் எத்தனை பேர் இருந்தார்களோ, எல்லாரும் ஒருவரையொருவர் கேட்டது ஒரே கேள்வி: எந்தக் கண்ணு? பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, எந்தக் கண்ணு என்று கேட்டார்கள், கல்யாண வீட்டில் பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்பதுபோல. பக்கத்து நாற்காலியில் திசையன்விளையிலிருந்து வந்த ஒரு பெரியவர். அவருக்கு வலது போன மாதமே ஆகிவிட்டதாம், இன்றைக்கு இடது. "வலது கண்ணால பாத்தா எம் பொண்டாட்டி கெழவியா இருக்கா. இடது கண்ணால பாத்தா இன்னும் கல்யாணப் பொண்ணு மாதிரியே இருக்கா. இத ஒண்ணும் பண்ணாம அப்படியே விட்டுருங்கன்னு டாக்டர்ட்ட சொல்லப் போறேன்" என்றார். அந்த அம்மாளின் குரல் அதற்கு அப்பாலிருந்து அலுப்போடு வந்தது: "எனக்கு நீரு எந்தக் கண்ணுல பாத்தாலும் ஒண்ணுபோலத்தான் இருக்கீரு." கூடம் சிரித்தது. கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிற மனிதர்கள். தொலைக்காட்சியில் எவனோ இன்றைய ராசிக்குப் பச்சை நிறம் அணியச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு நிறமும் தெரியாத கூட்டம் அதைக் கவனமாகக் கேட்டது. வலப்பக்கம் தங்கை மகள் பகவதி, இன்ஷூரன்ஸ் ஆபீசில் அரைநாள் லீவு போட்டு வந்திருப்பதை வழி நெடுக மூன்று பேருக்குப் போனில் அறிவித்துவிட்டு, இப்போது நான்காமவருக்கு அறிவித்துக்கொண்டிருந்தாள். துணைக்கு ஆள் இல்லாமல் இந்த மருந்தை விடமாட்டோம் என்று போன வாரம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இல்லாவிட்டால் பகவதியைக் கூப்பிட்டிருப்பாளா. போன வாரம் பார்த்த டாக்டர், சின்னப் பெண், கழுத்தில் செயின்கூட இல்லாமல் மொட்டையாக இருந்தவள், கருவிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது, அது பெரிய விஷயமில்லை, ஆனால் பின்னால் விழித்திரையில் ஏதோ சந்தேகமாக இருக்கிறது, பாப்பாவை விரித்துப் பார்த்தால்தான் தெரியும். விழித்திரை கெட்டிருந்தால்? கெட்டிருந்தால் புரையை எடுத்தும் பிரயோசனமில்லை, நடமாடலாம், படிக்க முடியாது. படிக்க முடியாது என்பதை அந்தப் பெண் வெந்நீர் இல்லை, பச்சைத் தண்ணீர்தான் என்கிற தொனியில் சொன்னாள். அவள் படிப்பது கைபேசியாக இருக்கும். குழல்வாய்மொழிக்குக் காலையில் பேப்பர், மத்தியானம் ஒரு புத்தகம், ராத்திரி இன்னொன்று. புருஷன் பிள்ளை என்று யாரும் வேண்டாம் என்று அவள் துணிந்து இருந்ததே அச்சடித்த காகிதத்தை நம்பித்தான். அது போனால் பகவதி வாசித்துக் காட்டுவாள். ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தையும் விழுங்கி, ஒவ்வொரு பத்திக்கும் நடுவில் போனை எடுத்து. அதைவிட, என்று ஆரம்பித்த நினைப்பு முடிக்க இடமில்லாமல் அங்கேயே நின்றது. அதைவிட என்ன. ஒன்றுமில்லை. எரிச்சல் குறைந்து கண்ணுக்குள் ஒரு கசப்பு இறங்கித் தொண்டை வரைக்கும் வந்தது. கண்ணில் விட்ட மருந்து நாக்கில் கசக்கிறது. உடம்பு என்பதே இப்படி ஒழுங்கில்லாத வயரிங்.

பெரியவர் விடவில்லை. "உங்களுக்கு லைட்டச் சுத்தி வட்டம் தெரியுமாம்மா? எனக்குச் சாமி படத்துல தலைக்குப் பின்னால இருக்குமே, அது மாதிரி தெருவிளக்கெல்லாம் தெரிஞ்சுது" என்றார். பின்வரிசையில் யாரோ தனக்கும் அப்படித்தான் என்றார்கள். இன்னொருத்தி தனக்கு வட்டத்தோடு முள்ளுமுள்ளாகவும் தெரியும் என்று பெருமையாகச் சொன்னாள். குழல்வாய்மொழி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்குத் தெரிந்தது வெறும் வட்டமில்லை, அளந்து பார்த்த வட்டம் என்று இவர்களிடம் என்னத்தைச் சொல்வது. மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம் பெருமாள்புரத்து வீட்டு மாடி ஜன்னலில் நிற்கும்போது தெருவிளக்கைச் சுற்றி மங்கலாக ஒரு வளையம் தெரிந்தது, வெளியோரம் லேசான சிவப்பு. அவளுக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம் வந்தது, பழைய மாணவியை எதிர்பாராமல் பஸ்ஸில் பார்த்த மாதிரி. அந்த வளையத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். இருட்டறையில், சோடியம் விளக்குக்கு முன்னால், லைக்கோபோடியம் பவுடர் தூவிய கண்ணாடித் தட்டை வைத்தால் விளக்கைச் சுற்றி அதே வளையம் வரும். துகள் பெரிதானால் வளையம் சிறிதாகும், துகள் சிறிதானால் வளையம் பெரிதாகும். வளையத்தை அளந்தால் கண்ணுக்குத் தெரியாத துகளின் அளவைச் சொல்லிவிடலாம். எத்தனை பேட்ச், எத்தனை பெண்கள், அந்தத் தட்டில் மூச்சு விட்டுப் பவுடரைப் பறக்கவிட்டு அவளிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள். ஆகவே அவள் ஜன்னல் கண்ணாடியில் ஸ்கேலை ஒட்டவைத்து, நின்ற இடத்தைச் சாக்பீஸால் குறித்து, பல நாள் அளந்து சராசரி எடுத்துக் கணக்குப் போட்டாள். துகளின் குறுக்களவு முப்பது மைக்ரான் சுமாருக்கு வந்தது. குவாரி லாரிகள் கொண்டுவரும் கல்தூசு என்று முடிவு செய்தாள். மாநகராட்சிக்கு மனு எழுதினாள், சூத்திரத்தோடு, படம் வரைந்து. தெருவில் வீடு வீடாகச் சொன்னாள். எதிர்வீட்டு டெய்லர் பெண்சாதி அவள் பேச்சை நம்பி ஜன்னலில் ஈரத் துணி தொங்கவிட ஆரம்பித்தாள். கடைசியில் ஒரு இன்ஜினியர் பையன் வந்தான், மரியாதையானவன், செருப்பை வாசலில் விட்டுவிட்டு மாடிக்கு வந்து ஜன்னல் வழியாகத் தெருவிளக்கை ரொம்ப நேரம் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் தெரியலையே மேடம்" என்றான். பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தால்தானே தெரியும் என்று அவள் சொன்னாள். பையன் மறுநாள் ஆளனுப்பி விளக்கின் மூடியைத் துடைக்கச் செய்தான். வளையம் போகவில்லை. இவ்வளவு கனமான தூசு இந்த ஊரில் என்று அவள் மேலும் ஒரு மனு எழுதினாள்.

அந்தப் பவுடர். அதைப் பற்றியும் ரூபிக்கு ஒரு சொல் இல்லாமல் போகுமா. ஒருநாள் இருட்டறைக் கறுப்புத் துணியைத் தூக்கிக்கொண்டு, கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்து நின்றாள். மேசையில் தட்டு, அதற்கு அப்பால் மஞ்சள் விளக்கு, விளக்கைச் சுற்றி வளையம். நாலு பெண்கள் மூச்சைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். "இது என்ன பவுடர்னு இந்தப் பிள்ளைங்களுக்குச் சொன்னியா?" என்று ரூபி கேட்டாள். லைக்கோபோடியம் என்றாள் குழல்வாய்மொழி. "அது பவுடர் இல்ல. ஒரு செடியோட வித்து. மலையில, பாசி மாதிரி தரையோட கிடக்கும். காத்துல தூவிவிட்டுரும், எங்க போய் விழுமோ அதுக்கே தெரியாது. அதப் பிடிச்சுக் கண்ணாடியில ஒட்டி வச்சு அளந்துக்கிட்டிருக்கிய நீங்க." பெண்கள் சிரித்தார்கள். குழல்வாய்மொழிக்குச் சிரிப்பு வரவில்லை; அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் திரையை ஒதுக்கிவைத்து ஒரு முழு மணி நேரம் அவளை நிறுத்தி வைத்துக் கேட்டாள். உங்கள் விதைச் சிதறலுக்கும் எங்கள் ஒளிச் சிதறலுக்கும் என்னடி சம்பந்தம். ஒளி போகிற வழியில் ஒரு துகள் குறுக்கிடுகிறது, ஒளி திசை மாறுகிறது, எந்தக் கோணத்தில் எவ்வளவு என்று கணக்கு இருக்கிறது. சிதறாத ஒளி யார் கண்ணிலும் படாமல் போய்விடும். வானம் தெரிவதே சிதறுவதால்தான். இதில் யாருடைய ஆசையும் கிடையாது. உன் செடி எங்கேயாவது போய் விழட்டும் என்று உதறிவிடுகிறது, ஆயிரத்தில் ஒன்று முளைக்கிறது, நீ உடனே அதற்கு ஒரு நோக்கம் இருந்தது என்று எழுதுகிறாய். ரூபி பொறுமையாக ஒரு நெல்லிக்காயைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "தாய் மரத்துக்கு அடியிலயே விழுந்த விதை தாயோட நிழல்லயே செத்துப் போகும், கே.வி.எம். அதுக்குத்தான் அது உதறுது. ஆசைன்னு யாரு சொன்னா." அவ்வளவுதான் அவள் வாதம். அதற்குப் பதில் என்ன சொன்னோம் என்று குழல்வாய்மொழிக்கு இப்போது நினைவில்லை. ஏதாவது சொல்லியிருப்பாள், சொல்லாமல் விட்டவளில்லை. ரூபிக்குப் பிள்ளை இல்லை. விதை விதை என்று பேசுகிறவளுக்கு வீட்டில் ஒன்றுக்கும் வழியில்லை என்று அன்றைக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்ததைக் குழல்வாய்மொழி விழுங்கினாள். அந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டதைத் தன் வாழ்நாளின் பெருந்தன்மையாக ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தாள். அதுவும் என்ன பெருந்தன்மை. நினைத்ததை யார் அழிப்பது.

நர்ஸ் பெண் மறுபடி வந்து இமையைப் பிதுக்கி டார்ச் அடித்தாள். "இன்னும் விரியல" என்று தனக்குத்தானே சொல்லி இன்னொரு சொட்டு விட்டாள். விரியாத பாப்பாவுக்கு உடையவள்மேல் லேசாக ஒரு குறை அந்தக் குரலில் இருந்தது, வீட்டுப்பாடம் செய்யாதவளைப் பார்த்துச் சொல்வதுபோல. எரிந்தது. மூடிய இமைக்குப் பின்னால் சிவப்பாக ஒரு வெளி, அதில் நூல்நூலாக ஏதோ மிதந்தது. பார்க்கப் போனால் நழுவியது. இது விழித்திரையா, அதன் நிழலா, கெட்டுப்போன விழித்திரை உள்ளிருந்து பார்த்தால் எப்படியிருக்கும். கறுப்பாக ஓட்டை இருக்கும் என்று எங்கேயோ படித்திருக்கிறாள். பார்க்கிற சொல்லின் நடுவெழுத்து மட்டும் காணாமல் போகுமாம். போன மாதம் பேப்பரில் எழுத்துகள் தின்னப்பட்டிருந்ததே, அது மோசமான அச்சு என்று நினைத்தாளே, அச்சகத்துக்காரனைத் திட்டினாளே. அச்சுதானா. திட்டு வாங்கியவர்களின் வரிசை நீளமானது: லாரிக்காரன், இன்ஜினியர் பையன், பல்பு செய்தவன், அச்சகத்துக்காரன், பாதரசம் சரியாகப் பூசாத கண்ணாடிக்காரன். ஒரு காரியம் மட்டும் அவள் செய்யவில்லை. முதலாமாண்டுப் பெண் லேபுக்குள் நுழைந்த அன்று, கம்பியின் தடிமன் அளக்கும் ஸ்க்ரூ கேஜைக் கையில் கொடுத்ததும், எதையும் அளப்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்பாள். பூஜ்யப் பிழை மேடம். ஒன்றும் வைக்காமல் கருவியை மூடு, கோடு பூஜ்யத்தில் நிற்கிறதா பார். நிற்காவிட்டால் பிழை பொருளில் இல்லை, உன் கருவியில். அதைப் பார்க்காமல் அளந்தவளின் ரெக்கார்டை வெளியே வீசுவாள். வராந்தாவில் காகிதம் சிதறும், பெண் அழுதுகொண்டே பொறுக்குவாள், யாரும் உதவக் கூடாது. அந்தக் குழல்வாய்மொழி மூன்று வருஷம் ஒரு வளையத்தை அளந்தாள், பூஜ்யம் பார்க்காமல். எவ்வளவு எளிய சோதனை. கட்டைவிரலை நீட்டி விளக்கை மட்டும் மறைத்தால் போதும். வளையம் வெளியே காற்றில் இருந்தால் விரலைச் சுற்றி நிற்கும். கண்ணுக்குள் இருந்தால் விளக்கோடு சேர்ந்து மறையும். போன வாரம் அந்தச் சின்னப் பெண் புரை என்ற பிறகு, வீட்டுக்கு வந்து, சேலைகூட மாற்றாமல், விளக்கு போடும் நேரம் வரை ஜன்னலில் நின்றாள். விளக்கு எரிந்தது. வளையம் வந்தது. விரலை நீட்டினாள். ஒன்றும் இல்லை. சுத்தமான இருட்டு, கட்டைவிரல், அதைச் சுற்றி ஒரு தூசும் இல்லாத ஊர். முப்பது மைக்ரான் இருந்தது அவளுடைய லென்சுக்குள்ளே. கட்டிதட்டிய முட்டை வெள்ளை. அதை வைத்துத்தான் மாநகராட்சிக்கு வகுப்பெடுத்திருக்கிறாள். ஊரே தூசு என்று சொன்னவளின் பேச்சைக் கேட்டு டெய்லர் பெண்சாதி இன்னும் துணி நனைத்துக்கொண்டிருக்கிறாளோ என்னவோ. போய்ச் சொல்ல வேண்டும். போய் என்னவென்று சொல்வது.

ரூபியைக் கடைசியாகப் பார்த்ததும் இந்த வளைய காலத்தில்தான். பழைய பிரின்சிபால் வீட்டுக் கல்யாணம், பாளையங்கோட்டையில் ஒரு மண்டபம். ரூபி வெள்ளைத் தலையும் ஊன்றுகோலுமாக வந்திருந்தாள். கைப்பைக்குள் அப்போதும் ஏதோ காய் கிலுகிலுத்தது. இருட்டிய பிறகு வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போது குழல்வாய்மொழி விளக்குகளைக் காட்டி, துகள், குவாரி, முப்பது மைக்ரான், எல்லாம் சொன்னாள். ரூபி தலையை அண்ணாந்து பார்த்தாள், ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். "எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலயே, கே.வி.எம்.," என்றாள். "உனக்கு எப்ப என்னடி தெரிஞ்சிருக்கு" என்று குழல்வாய்மொழி சொன்னாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், ரூபியும் சிரித்தாள். அவள் எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். ஒருதரம் கண்தானம் என்று இரண்டு அட்டையை எடுத்துவந்து ஆளுக்கொன்று கையெழுத்துப் போடுவோம் என்றாள். "செத்த பெறவும் எங்கண்ணு எவ முகத்துலயோ உக்காந்து சீரியல் பாக்கணுமாக்கும்" என்று இவள் சொன்னபோது ஸ்டாஃப் ரூமே குலுங்கியது, ரூபிக்குத்தான் புரையேறிவிட்டது. ஒரு அட்டையைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். இன்னொன்று மேசையில் ரொம்ப நாள் டம்ளருக்கு அடியில் கிடந்து வட்டமாக ஈரக்கறை பிடித்தது. இவ்வளவு கேலியையும் வாங்கிக்கொண்டு ஒருத்தி எதற்காக மறுநாளும் வந்து தண்ணீரில் காயைப் போட வேண்டும். தன்மானம் இல்லாத ஜென்மம் என்று அன்று தோன்றியது. இன்று வேறு ஏதாவது தோன்றுகிறதா என்று குழல்வாய்மொழி தன்னையே வாத்தியாரம்மா மாதிரி கேட்டுப் பார்த்தாள். போன ஆடியில் ரூபி இறந்துவிட்டாள் என்று காலையிலேயே பகவதி போன் பண்ணினாள். பகவதி தாவரவியல் படித்தவள், ரூபியின் மாணவி. பெரியம்மா இயற்பியலில் இருக்கும்போது போய்ச் செடியைப் பிடுங்கப் படித்தவள், அதை இவள் இன்னும் மன்னிக்கவில்லை. வாரியளா பெரியம்மா, ஆட்டோ கொண்டுவாரேன் என்றாள். ஆடிக் காற்றில் ஊரெல்லாம் தூசு, கண்ணுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாள். அது பொய்யும் இல்லை. அவள் நம்பிய தூசு. அன்று பூராவும் ஜன்னலைச் சாத்திவைத்துக்கொண்டு ஒரு புத்தகத்தைத் திறந்து ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பேர் கூப்பிட்டார்கள். குழல் வாய் மொழி என்று மூன்று துண்டாக. பகவதி போனை வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் திறந்ததும் கூடம் முழுவதும் வெள்ளை வெள்ளையாக வந்து முகத்தில் மோதியது, ஒவ்வொரு டியூப் லைட்டும் ஒரு சுவர் அகலத்துக்கு வீங்கி நின்றது. டாக்டர் அறை நல்லவேளையாக இருட்டு. இருட்டறையில் அவளுக்கு எப்போதும் கொஞ்சம் தைரியம் வரும். தாடையைக் கருவியில் வைக்கச் சொன்னார்கள், நெற்றியை முட்டவைக்கச் சொன்னார்கள். ஒளிக்கீற்று ஒன்று மெல்லிசாக வந்து கண்ணுக்குள் இறங்கியது. மேலே பாருங்க, கீழே, என் காதைப் பாருங்க. அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேசாமல் இருக்கும் டாக்டரைவிட ராசிபலன்காரன் மேல். சும்மா இருப்பதைத் தாங்காமல் குழல்வாய்மொழி, இந்தக் கீற்று உங்களுக்குப் பக்கவாட்டில் தெரிகிறதென்றால் அது என் லென்சில் பட்டுச் சிதறுவதால்தான், தெரியுமா என்றாள். "ஆமாம்மா. முன்னால கருவிழி பளிங்கு மாதிரி, அதுல சிதறலே கிடையாது. லென்ஸ்லதான் இருக்கு" என்றாள் அந்தப் பெண். தப்பு என்றாள் குழல்வாய்மொழி, தாடை கருவியில் இருக்கும்போதே, பல்லைக் கடித்தபடி. கருவிழியும் நார்களால் ஆனதுதான், ஒவ்வொரு நாரும் சிதறடிக்கத்தான் செய்கிறது. ஆனால் நெருக்கமாக, ஒரே இடைவெளியில் நிற்பதால் பக்கவாட்டில் போகிறதெல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது, நேரே போவது மட்டும் மிச்சமாகிறது. சிதறாமல் இல்லை, சிதறியதை ஒழுங்கு சரிசெய்கிறது. இதுகூடச் சொல்லிக்கொடுக்காமல் என்ன டாக்டர் படிப்பு. அந்தப் பெண் கோபப்படவில்லை. "சரிங்க மேடம், ஆடாதீங்க" என்றாள். முதல்தரமாக மேடம். பிறகு விளக்கை அணைத்து, நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு சொன்னாள்: "விழித்திரை நல்லா இருக்கு. நான் பயந்த மாதிரி ஒண்ணும் இல்ல. எல்லாம் லென்ஸ்தான். எடுத்துட்டா நல்லாப் படிக்கலாம்." பகவதி அப்பாடா என்றாள், சத்தமாக. குழல்வாய்மொழி தாடையைக் கருவியிலிருந்து எடுத்தாள். கெட்ட செய்திக்கு எதிராக அவள் வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த ஏளனம் அத்தனையும் கையிலேயே இருந்தது, எறிவதற்கு ஆள் இல்லாமல். எல்லாம் லென்ஸ்தான். எல்லாம் என்றால் எவ்வளவு. இன்ஜினியர் பையனும் அதிலா, கல்யாண மண்டபத்து வாசலும் அதிலா.

வெளியே வந்ததும் பகவதி ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்து அவள் மூக்கில் மாட்டிவிட்டாள். பெரியவர் பார்த்துவிட்டு, சினிமாக்காரி மாதிரி இருக்கிய என்று வழியனுப்பினார். கூடத்தைத் தாண்டி வாசல் பக்கம் ஒரு சின்ன மேசை, மேசைக்குப் பின்னால் சுவரில் இரண்டு பெரிய கண்கள் வரைந்த போர்டு. அது மட்டும் மங்கலுக்குள்ளும் தெரிந்தது. "இங்கதான் ரூபி டீச்சர் எழுதிக் குடுத்திருந்தாவ" என்றாள் பகவதி, செருப்பைத் தேடிக்கொண்டே. எதை என்று குழல்வாய்மொழி கேட்டாள், தெரிந்துகொண்டே. பகவதி செருப்பைக் கண்டுபிடித்து அவள் காலடியில் ஜோடியாக வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அன்றைக்குத் துக்க வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லையாம், அட்டை பைபிளுக்குள் இருந்ததாம், இவள்தான் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினாளாம். அவர்கள் வருகிற வரைக்கும் ஃபேனை நிறுத்தச் சொன்னார்கள், காற்றில் கண் காய்ந்துவிடும் என்று. தலையைத் தலையணையில் உயர்த்திவைத்து, இமையை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைக்கச் சொன்னார்கள். "நாந்தான் பெரியம்மா, பஞ்ச நனைச்சு நனைச்சு வச்சுக்கிட்டே இருந்தேன். நீங்கதான் தூசின்னு வரலயே" என்றாள் பகவதி. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். குழல்வாய்மொழி கறுப்புக் கண்ணாடிக்குள் நின்றாள். ஈரம் பட்டதும் உடனே ஒன்றும் ஆகாது. யாருக்கு வைத்தார்கள் என்று கேட்டாள். அதெல்லாம் சொல்ல மாட்டார்கள் என்றாள் பகவதி, ரெண்டு பேருக்கு என்று மட்டும் சொன்னார்கள். போன் அடித்தது, பகவதி எடுக்கவில்லை. ஆட்டோ ஒன்று வந்து நின்று, வேண்டாமென்று போனது. வெயில் எல்லாப் பக்கமும் இருந்தது.

போன ஆடியில் இறந்த ரூபி ஞானாபரணத்தின் கருவிழிகள் இரண்டும் அந்த வாரத்திலேயே இரண்டு பேருக்கு வைத்துத் தைக்கப்பட்டன. இருவரும் வேறு வேறு ஊர்க்காரர்கள்.